வைதேகிக்காக இறக்கிய ஸ்கேல்

சென்ற மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். மேடையில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததால் கால் தானாக முன்வரிசைக்குப் போய்விட்டது. பாட வந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கீபோர்டு வாசித்த தம்பியைப் பார்த்து விரலைக் கீழே காட்டினாள். அவர் எதிரே இருந்த டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். தபேலா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் அப்படியே அரை ஸ்கேல், அதாவது அரைச் சுரம், இறங்கி நின்றன. அந்தப் பெண் குடித்த தண்ணீர் பாட்டிலை மூடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் அந்தத் தம்பியே என்னைத் தேடி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க அந்தப் பழைய ஒர்க்ஸ்டேஷன் வச்சு வாசிச்சவராமே. அதுல ஸ்கேல் எறக்கணும்னா என்னண்ணே பண்ணுவீங்க?"

"எறக்கலாம் தம்பி. கொஞ்சம் வேலை இருக்கும்" என்றேன்.

ஈரக் கையோடு நின்று சொல்லக்கூடிய பதில் அவ்வளவுதான். மீதியை உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது.

எடமலைப்பட்டி புதூரில் பஜனை மடத்து ஆர்மோனியத்தில் விரல் பழகியவன் நான். பிறகு ஒரு வாத்தியாரிடம் மேற்கத்திய முறையில் கொஞ்சம் படித்தேன். இரண்டு மூன்று குழுக்களில் கூப்பிட்டபோது போய் வாசித்தேன். தேவராஜ் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்ததிலிருந்துதான் எனக்கு வேலை என்று ஒன்று இருந்தது. குழு கலையும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

மாஸ்டர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். அக்கார்டியன் வாசிப்பார். அந்த வேலையை விட்டுவிட்டுக் குழுவை முழுநேரமாக நடத்த வந்தார். பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் எங்கள் ஒத்திகை இடம். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. எந்த ஊருக்குப் போனாலும், மேடை கட்டி நாங்கள் வாசித்துப் பார்க்கும் நேரத்தில், பந்தலின் கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே என்ன கேட்கிறதோ அதுதான் பாட்டு என்பது அவர் எண்ணம். முடிந்ததும் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே குறையை மட்டும் சொல்லுவார்.

"சேகரு, ரெண்டாவது பிஜிஎம்ல வயலின் கொஞ்சம் முந்துது. சலீமு, ழகரம் வரல. வைதேகிம்மா, அந்த மேல் சங்கதிக்கு முன்னாடி மூச்சு எடுக்கிற எடத்த மாத்திப் பாருங்க."

சேகர் நான்தான்; சலீமும் வைதேகியும் எங்கள் பாடகர்கள். பாட்டுக்கு நடுவே வரும் வாத்திய இசையைத்தான் பிஜிஎம் என்போம். மாஸ்டர் ஒரு குறை சொன்னால், நம்மிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதற்குக் கொஞ்ச காலம் ஆகும்.

என் கீபோர்டு சென்னையிலிருந்து வந்தது. ஸ்டுடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் புது மாடலுக்கு மாறினார். பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒர்க்ஸ்டேஷன் என்றால் ஒரே பெட்டிக்குள் எல்லாமும் இருக்கும். பல வாத்தியங்களின் சத்தம் இருக்கும். அந்தச் சத்தங்களை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாத்தியமாக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பாட்டின் முழுப் பின்னணியையும் உள்ளேயே சேர்த்து வைக்கலாம். பிறகு பொத்தானை அழுத்தினால் அதுவாக வாசிக்கும். நாம் மேலே கையால் வேறொன்று வாசித்துக்கொள்ளலாம். எங்கள் குழுவுக்கு வயலின்காரர் கிடைக்கவே இல்லை. புல்லாங்குழல்காரர் வரும் நாளைவிட வராத நாள் அதிகம். அதனால் மாஸ்டர்தான் இதை வாங்கச் சொன்னார்.

போர்வையில் சுற்றி பஸ்ஸில் கடைசி சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் வந்து பார்த்தார்.

"என்ன சார், ஆள் நீளத்துக்கு இருக்கு. யாரு படுத்திருக்கா?"

"கீபோர்டுங்க."

"யாரா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் போட்டாகணும்."

வீட்டில் அது கட்டிலில் படுத்தது. நானும் என் மனைவி கமலாவும் பாய்க்கு வந்தோம்.

மூன்றாவது எஃப் கட்டையை அழுத்தினால் உடனே எழும்பாது. தீப்பெட்டி அட்டையை மடித்துக் கீழே வைத்துச் சரிசெய்தேன். திரை இரண்டே வரி, பச்சை வெளிச்சம். கையேடு கூட வரவில்லை. எந்தப் பொத்தான் எந்தப் பக்கத்தைத் திறக்கும் என்று தட்டித் தட்டித்தான் கற்றேன். முன்பு வைத்திருந்தவர் தான் செய்த சத்தங்களை அழிக்காமல் விட்டிருந்தார். ஒன்றுக்கு 'மழை' என்று பெயர், மழைபோலவே இருக்காது. ஒன்றுக்கு 'அப்பா' என்று பெயர். தாழ்ந்த சுருதியில் ஓர் ஆர்மோனியம், லேசாக மூச்சு இரைப்பதுபோல. யாருடைய அப்பாவோ. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதில் வந்த நாகஸ்வரம் நம் நாகஸ்வரமாக இருக்காது. எங்கோ வெளிநாட்டில் யாரோ ஊதிய வேறொரு குழல். தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கி, அதோடு இன்னொரு குழலை மயிரிழை சுருதி விலக்கிச் சேர்த்து, கையருகே இருக்கும் சக்கரத்தைத் தள்ளினால் இரண்டு சுரம்வரை வளையும்படி அமைத்தேன். கமகம் அந்தச் சக்கரத்தில்தான். மாஸ்டர் கேட்டுவிட்டு, "மூச்சு விடவே மாட்டேங்குதேப்பா உன் நாகஸ்வரக்காரன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் கையை எடுத்துவிட்டு வாசிக்கப் பழகினேன்.

வைதேகி எங்கள் குழுவின் பெண் குரல். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிப் பக்கம் வீடு. கணவர் சம்பத் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. ரம்யா என்று ஒரே பெண். ஆசாரமான குடும்பம், மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுவது மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அவர் எதிரே இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் வீட்டில் ஏற்பாடு என்று வைதேகி சிரித்துக்கொண்டே சொல்லுவார். வேன் ஏறியதும் எல்லோருக்கும் புளியோதரைப் பொட்டலம் வரும். சலீம்தான் எங்கள் ஆண் குரல். "அக்கா, எனக்கு ரெண்டு" என்று முதல் ஆளாகக் கையை நீட்டுவார்.

மேல் ஸ்தாயியில் வைதேகியின் குரல் மெலியாது. பொதுவாக மேலே போகப் போகக் குரல் ஊசியாகிவிடும். அவருக்கு அங்கேதான் குரல் விரியும். பந்தலுக்கு வெளியே பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த இடங்களில் நான் வயலினை அடக்கிவிடுவேன். தபேலாவும் அடியில் ஒரு மெல்லிய சுருதியும் மட்டும் ஓடும். அவர் குரலுக்கு மேலே வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ரம்யா கல்லூரியில் சேர்ந்த சமயம் அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. அறுவை செய்தே ஆகவேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, பாதிப்பு வரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விட்டு வைக்கவும் முடியாது. அறுவை நல்லபடியாகத்தான் முடிந்தது. கட்டியில் பயப்படும்படி எதுவும் இல்லை. குரல் மட்டும் திரும்பி வர நாளானது. வந்தபோது அது வேறு குரலாக இருந்தது. பேசினால் தெரியாது. பாடினால் நடுவில் கரகரவென்று காற்று கலந்து வரும். மேலே போனால் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

ஒத்திகைக்குத் திரும்பி வந்த நாளில், "மாஸ்டர், நீங்களே சொல்லுங்கோ. நான் வரலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "பாட்டு உங்க ஒசரத்துக்கு இல்லன்னா பாட்ட எறக்கிட்டாப் போச்சு. சேகரு, பாருப்பா."

அரை ஸ்கேல்தானே என்று நினைத்தேன். கீபோர்டு முழுவதையும் மொத்தமாக இறக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினேன். பாட்டு தொடங்கியது. தபேலா வரவேண்டிய இடத்தில் கைத்தாளமும், மணியும், நடுநடுவே 'டொய்ங்' என்று ஏதோ தகரமும் வந்தன. அந்தப் பெட்டியில் தாள வாத்தியங்கள் கட்டைக்கு ஒன்றாகப் பதிந்திருக்கும். 'நா' ஒரு கட்டையில், 'தின்' அடுத்ததில், அதற்கும் கீழே மணி. மொத்தமாக இறக்கினால் எல்லாம் ஒரு கட்டை தள்ளி விழும். சலீம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். வைதேகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மாட்டு வண்டி கவுந்த மாதிரி இருக்கேப்பா" என்றார்.

ஆகவே ஒவ்வொரு வாத்தியமாகத்தான் இறக்கவேண்டும், தாளத்தை மட்டும் தொடாமல். பாட்டைத் திறந்து, வயலின் வரிசையைத் தேர்ந்தெடுத்து, முதல் தாளச் சுற்றிலிருந்து கடைசிவரை என்று காட்டி, எவ்வளவு இறக்கவேண்டும் என்று கொடுக்க வேண்டும். பிறகு அடுத்த வாத்தியம். இறக்கினால் மட்டும் போதாது. புல்லாங்குழலைக் கீழே கொண்டுபோனால் யாரோ குழாயில் வாய்வைத்து ஊதுவதுபோல் ஆகிவிடும். வேறு குழலைத் தேடவேண்டும். பேஸ் கிதார் அடியில் போய் வெறும் அதிர்வாகிவிடும். அதை மட்டும் ஒரு ஸ்தாயி தூக்கவேண்டும். பிறகு ஃபிளாப்பியில் சேமிக்கவேண்டும். ஒரு ஃபிளாப்பியில் கொஞ்சம் பாட்டுகள்தான் பிடிக்கும். மேடையில் அது ஏறும்வரை சலீம் கூட்டத்தைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். வைதேகியின் பாட்டுகளுக்கென்று தனி ஃபிளாப்பிகள் வைத்தேன்.

இறக்கும் அளவு திரையில் ஓர் எண்ணாகத் தெரியும். கழித்தல் ஒன்று. சில மாதங்களில் அது கழித்தல் இரண்டு ஆனது. நரம்பு சரியாகிக் குரல் மேலே வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். எண் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வைதேகி என் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். நான் கையால் மறைக்கவில்லை. அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எவ்வளவுன்னு எங்கிட்ட சொல்லாதீங்கோ சேகர். தெரிஞ்சா தொண்டை அங்கேயே போய் உக்காந்துடும்."

மணப்பாறையில் ஒரு கோயில் திருவிழாவில்தான் அடுத்த சிக்கல் வந்தது. ஜோடிப் பாட்டு. வைதேகிக்காக இறக்கியிருந்ததால் சலீமின் சரணம் பாதாளத்துக்குப் போய்விட்டது. பாடவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் மைக்கில் முனகினார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அண்ணனுக்குச் சாப்பாடு போடலியா?" என்று கத்த, கூட்டம் சிரித்தது. சலீமும் சிரித்துச் சமாளித்து, வயிற்றைத் தடவிக் காட்டினார். வைதேகி சிரிக்கவில்லை.

இறங்கி வந்ததும், "என்னாலதானே?" என்று சலீமிடம் கேட்டார்.

"அட போங்கக்கா. எனக்குச் சளி."

மறுநாள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜோடிப் பாட்ட நிறுத்திடலாமாப்பா?" என்றார். நிறுத்தினால் வைதேகிக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று பாட்டுதான். "கொஞ்சம் டயம் குடுங்க மாஸ்டர்" என்றேன்.

நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டை வைதேகியின் ஸ்கேலில் தொடங்கினேன். பல்லவி முடிந்து பிஜிஎம் வரும்போது, வயலின்களை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, பிஜிஎம் முடியும் இடத்தில் பாட்டு முழுவதும் சலீமின் ஸ்கேலுக்கு வந்து நிற்கும்படி மாற்றினேன். அவர் சரணம் முடிந்ததும் புல்லாங்குழல் ஒன்று வளைந்து வளைந்து இறங்கி, வைதேகியின் இடத்துக்குக் கொண்டுவந்து விடும். இரண்டு வரித் திரையில், எந்தத் தாளச் சுற்று, எந்த வாத்தியம், எந்த சுரம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டும். ஏறும் இடத்தில் ஒரு சுரம் தப்பாக இருந்தாலும் படி தடுக்கியதுபோல் தெரியும். நடுவில் நினைவகம் நிரம்பிவிட்டது என்று திரை சொல்லும். எதையாவது அழித்து இடம் செய்யவேண்டும். பகலெல்லாம் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கமலா தோளைத் தொட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

தொட்டியத்தில் ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அதை முதல்முறை வாசித்தோம். ஏறிய இடமும் யாருக்கும் தெரியவில்லை, இறங்கிய இடமும் தெரியவில்லை. சலீம் தன் உயரத்தில் நின்று பாடினார். வைதேகி தன் இடத்தில், கரகரப்பையும் சேர்த்து, அழகாகவே பாடினார். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி பாடச் சொன்னார்கள். மாஸ்டர் கடைசி நாற்காலியிலிருந்து வந்து, "புல்லாங்குழல் எறங்கறப்ப ஒரு சொட்டு அவசரம்" என்றார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

திரும்பும்போது வேனில் வைதேகி என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். வெளியே காவிரிக்கரை ஓரமாக வாழைத்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நன்னாப் பண்ணியிருந்தேள் சேகர். பெரிய வேலை."

"நீங்க நல்லாப் பாடுனீங்க மேடம்."

"நான் நின்ன எடத்துலயே நின்னேன். பாட்டுதான் என்னைத் தேடிண்டு கீழ எறங்கி வந்தது." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "என் ஒருத்திக்காக எல்லாரும் குனிஞ்சு நடக்கறேள். போறும். மாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அப்படியெல்லாம் நாங்க நினைக்கலீங்க."

"நீங்க நினைக்கமாட்டேள். அதனாலதான் நான் நினைக்கணும்."

அவர் சொன்னதை மாஸ்டர் மறுக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. "எப்ப வேணா வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். புதிதாக ஒரு பெண் பாட வந்தாள். நல்ல குரல், எல்லாப் பாட்டையும் பழைய ஸ்கேலிலேயே பாடினாள். அவளுக்குப் புதுப் பாட்டுகள் சேர்க்கவேண்டியிருந்தது. கடைகளில் ஃபிளாப்பி கிடைப்பது அப்போதே அரிதாகிவிட்டது. கிடைத்ததும் பாதி வேலை செய்யாது. வைதேகிக்காக இறக்கிய பாட்டுகள் மட்டும் நல்ல ஃபிளாப்பிகளில் இருந்தன.

மாஸ்டர் ஒத்திகை அறைச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எடம் பண்ணிக்கப்பா."

ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றி, ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு அழித்தேன். அழிக்கும்முன் பெட்டி கேட்கும், நிச்சயமா என்று. ஆம் என்ற பொத்தானை அழுத்தவேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டது. மாஸ்டர் திரும்பவே இல்லை. தொட்டியத்துப் பாட்டு முடியும்போது மட்டும், "அந்தப் புல்லாங்குழல் இப்ப சரியா இருக்கு" என்றார். அதையும் அழித்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது, மாடிப்படியில் வைதேகி ஏறி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மாஸ்டர், கொஞ்ச நாளா ஆத்துல சாதகம் பண்ணிண்டிருக்கேன். மேல போறாப்ல இருக்கு. ஒரே ஒரு தரம் பாத்துடலாமா? சேகர், நம்ம ஸ்கேல்ல அந்தத் தொட்டியம் பாட்டைப் போடுங்கோ."

சலீம் மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அது இல்லீங்க மேடம்" என்றேன். "புதுப் பாட்டுக்கு எடம் வேணும்னு எடுத்துட்டோம். ஒரு வாரம் குடுத்தீங்கன்னா மறுபடி பண்ணிடுவேன்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு, "அதனால என்ன. கையாலயே வாசிங்கோ. பாத்துக்கலாம்" என்றார்.

மேடையில் எப்போதும் முதலில் பாடும் தன் தனிப் பாட்டையே எடுத்துக்கொண்டார். நான் தாளம்கூடப் போடவில்லை. வெறும் சுருதி பிடித்து, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே என் விரலை வைத்தேன். பல்லவியில் குரல் நிலைத்து நின்றது. உண்மையாகவே மேலே வந்திருந்தது. கீழே சைக்கிள் கடையில் சத்தம் நின்றுபோனது, அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சரணத்தில் குரல் விரியும் அந்த இடத்துக்குப் போனார். விரியவில்லை. காற்றுதான் வந்தது. நிறுத்தாமல் அடுத்த வரியை எடுத்தார். அதிலும் காற்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தார்.

"எப்படி இருந்தது மாஸ்டர்?"

மாஸ்டர் அறையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா."

வைதேகி அவரையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"ஒரு குறையும் இல்லையா மாஸ்டர்?"

"இல்லம்மா."

"சரி" என்றார். முந்தானையால் கழுத்துத் தழும்பை மூடிக்கொண்டார். சலீமுக்கு இரண்டு பொட்டலமும் எங்களுக்கு ஒவ்வொன்றும் பையிலிருந்து எடுத்து வைத்தார். புளியோதரை இன்னும் சூடாக இருந்தது. சலீம் கூடவே இறங்கிப்போய் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். அன்று அதற்குமேல் ஒத்திகை நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கும் பாடவில்லை. வீட்டில் பாசுரம் சொல்லும்போதுகூட வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார் என்று ரம்யா ஒருமுறை சொன்னாள். மாஸ்டர் இறந்து பல வருஷம் ஆகிறது. குழுவைச் சலீம் கொஞ்ச காலம் நடத்தினார். பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். எனக்கு விரல் மூட்டுகளில் வலி வந்ததும் வாசிப்பதை விட்டேன். கீபோர்டை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

போன வருஷம் வைதேகி காலமானார். இதயக் கோளாறு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ரம்யா போன் செய்தாள்.

"அங்கிள், அம்மா பாடினது ஏதாவது உங்ககிட்ட இருக்கா? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் யாரிடமும் இல்லை. எங்கள் கச்சேரிகளை நாங்கள் பதிவு செய்ததே இல்லை. அவர் குரல் இருக்கும், யார் யாருடைய கல்யாண வீடியோக்களிலோ. துறையூரிலும் முசிறியிலும் லால்குடியிலும் பரண்மேல் கிடக்கும் கேசட்டுகளில், ஆசீர்வாதம் செய்கிறவர்களின் பேச்சுக்குப் பின்னால். யாரை எங்கே போய்த் தேடுவது?

"என் பெட்டியில கொரல் பதியாதும்மா. வாத்தியம் மட்டும்தான் இருக்கும். அம்மா மொதல்ல பாடுவாங்களே, அந்தப் பாட்டோட வாத்தியம் இருக்கும்னு நினைக்கிறேன். பாட்டு இருக்காது."

அவள் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. பிறகு சம்பத் போனை வாங்கினார்.

"அதைக் கொண்டாங்கோ சேகர்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கூடத்தில் வைதேகியின் படத்துக்குக் கதம்பம் சாத்தியிருந்தது. படத்துக்கு எதிரே வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சன்னல் ஓரத்தில் இரண்டு ஸ்டூலின்மேல் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. உள்ளே நினைவைக் காக்கும் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் போயிருந்தது. ஃபிளாப்பியிலிருந்துதான் ஏற்றவேண்டும். முதல் ஃபிளாப்பி கரகரவென்று சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. ரம்யா காபியைக் கையில் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல அங்கிள், விட்டுடுங்கோ" என்றாள். சம்பத் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மூன்றாவதை வேட்டியில் துடைத்துப் போட்டேன். நெடுநேரம் சுற்றியது. பாட்டின் பெயர் திரையில் வந்தது.

அழுத்தினேன். முன்னிசை கேட்டது. வயலின்கள், பிறகு புல்லாங்குழல். இறக்காத ஸ்கேல், அறுவைக்கெல்லாம் முன்னால், அவர் குரல் முழுதாக இருந்தபோது நான் அமைத்தது. பல்லவி தொடங்கும் இடம் வந்ததும் வயலின்கள் அடங்கின. தபேலாவும் அடியில் மெல்லிய சுருதியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கூடம் திடீரென்று வெறிச்சென்று ஆனதுபோல் இருந்தது. ரம்யாவுக்கு அந்த வெறுமையைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்பா, இதுல வேற ஒண்ணும்…" என்று ஆரம்பித்தாள்.

சம்பத் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"சித்த இரு. பாடிண்டிருக்கா."